கிராமத்து நடைபாலம்: அழகும் உறுதியும்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாலம் என்றதும் நினைவுக்கு வருவது பெரிய இரும்புப் பாலம் அன்று. லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே, வாய்க்காலின் குறுக்கே போட்ட பலகைதான். மழை நாளில் பிள்ளையின் கையைப் பிடித்து அதன்மேல் நடத்திச் சென்ற தாய்க்குத் தெரியும், பாலம் என்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று.

அந்த நம்பிக்கை முறிந்த கதைகள் நமக்கு மிக அருகிலேயே உண்டு. கெப்பாலா பத்தாசுக்குத் தெற்கே பட்டர்வொர்த் ஃபெரித் துறையில், 1988 ஜூலை 31ஆம் நாள், இரண்டு திருவிழாக்களுக்காக வந்த மக்கள் மேல்தளத்தில் நெருக்கியடித்துக் காத்திருந்தார்கள். தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். 2009 அக்டோபர் 26ஆம் நாள் இரவு, பேராக்கில் குவாலா டிப்பாங் என்னும் ஊரில், கம்பார் ஆற்றின்மேல் புதிதாகக் கட்டியிருந்த தொங்குபாலம் சரிந்தது. முகாமுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளில் மூன்று சிறுமிகள் உயிரிழந்தார்கள். ஒன்று பல ஆண்டுகள் பயன்பட்ட இடம்; மற்றொன்று புத்தம் புதிய பாலம். ஆகவே பழையது ஆபத்து, புதியது பத்திரம் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? 1831இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு அருகே, பிராட்டன் என்னுமிடத்தில் நடந்ததைக் கேளுங்கள். 74 படைவீரர்கள் ஒரே தாளத்தில் கால் வைத்துத் தொங்குபாலத்தைக் கடந்தார்கள். பாலம் ஊஞ்சல்போல் ஆடியது. அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததாம். மேலும் ஓங்கி மிதித்தார்கள். சற்று நேரத்தில் சங்கிலியைப் பிணைத்திருந்த ஓர் ஆணி முறிந்தது. நாற்பது பேர் வரை ஆற்றில் விழுந்தார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆராய்ந்தபோது அந்த ஆணியே சரியாகச் செய்யப்படாதது என்று தெரிந்தது. அன்றுமுதல் பாலத்தைக் கடக்கும்போது தாளம் மாற்றி நடக்கும்படி படைக்கு ஆணை பிறந்தது. மூட்டை சும்மா கிடக்கும். மனிதன் நடப்பான், ஓடுவான், கூட்டமாக நிற்பான். நடைபாலம் தாங்க வேண்டியது அந்த உயிருள்ள பாரத்தை.

நம் வீட்டுத் துணிக்கொடியைப் பாருங்கள். கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி ஈரச்சேலையைப் போட்டால், இரண்டு பக்கத்துக் கம்பமும் உள்ளே சாய்கிறது. சற்றுத் தொய்வாகக் கட்டினால் அதே சேலையை எளிதாகத் தாங்குகிறது. தொங்குபாலத்தின் கம்பி வில்போல் வளைந்திருப்பதும் இதனால்தான். பார்வைக்கு அழகாக இருக்கும் அந்த வளைவே கம்பியின் இழுவிசையைக் குறைக்கிறது. ஆனால் அந்த இழுவிசை கடைசியில் போய்ச் சேருவது கரையில் புதைந்த பிணைப்பில். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் சிக்கனம் பிடித்தால், கண்ணுக்குத் தெரியும் அழகு நம்மைக் காப்பாற்றாது.

இதை நன்கு உணர்ந்தவர் ஆல்பர்ட் ஹென்றி. செங்கோட்டைக்கு மேற்கே, புனலூரில், கல்லடையாற்றின்மேல் 1877இல் அவர் அமைத்த தொங்குபாலம் இன்றும் நினைவுச்சின்னமாக நிற்கிறது. சங்கிலிகளின் முனைகளைக் கிணறுபோல் ஆழத் தோண்டிய குழிகளில் பிணைத்தார். பாலத்தின்மேல் ஆறு யானைகளை நடக்கவிட்டு, கீழே படகில் தம் குடும்பத்தோடு அமர்ந்திருந்தார் என்று அவ்வூரார் கதை சொல்வார்கள். கதையோ உண்மையோ, கட்டியவன் தன் பிள்ளையைக் கீழே உட்கார வைக்கத் துணிய வேண்டும் என்பதே அதன் கருத்து.

நம் காலத்தில் கர்நாடகத்துச் சுள்ளியாவைச் சேர்ந்த பொறியாளர் கிரீஷ் பரத்வாஜ் 1989இல் அரம்பூரில் பயஸ்வினி ஆற்றின்மேல் முதல் தொங்குபாலத்தைக் கட்டினார். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குக் குறைந்த செலவில் நடைபாலங்களை அமைத்துக் கொடுத்தார். ஊர் மக்களும் உடன் நின்று உழைத்தார்கள். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செலவைக் குறைக்க வழி கண்டது அவருடைய கற்பனை. அந்தக் கற்பனை கணக்கோடு கைகோத்து நடந்தது.

நேயர்களே, சாயம் பூசுவதும் வளைவு வைப்பதும் மட்டும் புதுமை ஆகாது. இருக்கிற பொருளைக் கொண்டு எல்லாரையும் பத்திரமாகக் கரை சேர்ப்பதே புதுமை. உங்கள் ஊரில் நடைபாலம் எழும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம்? கரையில் பிணைப்பு எப்படி? ஆண்டுதோறும் பார்த்துச் சரிசெய்வது யார்? விடை தெளிவாகக் கிடைக்கும்வரை பிள்ளைகளை அதில் ஏறவிடாதீர்கள். கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை, அக்கறை போதும்.