அலைவுச் சுற்றும் சுமையும்: இலங்கை வானொலி வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

விஞ்ஞான வரலாற்றை மேதைகளின் கண்டுபிடிப்புப் பட்டியலாக எழுதும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. ஒரு கருவி எந்தச் சமூகத் தேவையின் சுமையைத் தாங்கிற்று என்ற வினா அங்கு எழுவதில்லை. கண்டியிலிருந்து மாத்தளை வீதியில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அக்குறணையிலிருந்து இலங்கை வானொலியின் வரலாற்றை நோக்கும் நமக்கு அவ்வினாவே முதன்மையானது.

1923 இல் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர் கொழும்பிலே பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்கள் அதற்குப் பயன்பட்டன. 1925 டிசெம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று.

வால்வு ஒலிபரப்பியின் இறுதிக் கட்டத்தில் அமைவது, தூண்டற்சுருளும் கொள்ளளவியும் சமாந்தரமாக இணைந்த அலைவுச் சுற்று. சத்தியைத் தேக்கிவைப்பதால் இதனைத் 'தாங்கி' என்பர். வால்வு ஒவ்வோர் அலைவிலும் உரிய கணத்தில் ஓர் உந்தல் தருகிறது. ஊஞ்சல் ஆட்டுவதைப் போன்றதே இது. ஏரியல் அச்சத்தியைப் பெற்று வெளியிடுகிறது. அதுவே சுற்றின் சுமை.

சுமையற்ற சுற்றின் தரக் காரணி 200 எனக் கொள்வோம். 1,000 கிலோஹேட்ஸ் மீடிறனில் அதன் பட்டையகலம் 5 கிலோஹேட்ஸ். கூர்மை மிகுதிதான், ஆயின் ஊட்டப்படும் வலு முழுவதும் பெரும்பாலும் சுருளின் தடையிலேயே வெப்பமாகி வீணாகும். மேலும், 5 கிலோஹேட்ஸ் வரையான ஒலியைச் செலுத்த 10 கிலோஹேட்ஸ் இடம் வேண்டும். ஏரியலை இணைத்துத் தரக் காரணியை 12 ஆகக் குறைத்தால் பட்டையகலம் ஏறத்தாழ 83 கிலோஹேட்ஸ் ஆகும்; வலுவில் நூற்றுக்கு 94 பங்கு ஏரியலைச் சேரும். சுமை எல்லை மீறினாலோ, தேங்கும் சத்தி போதாமல் அலைவின் வடிவம் குலையும். வேண்டாத மேல் மீடிறன்களும் வெளியேறும். ஆகவே பரிவும் சுமையும் ஒன்றையொன்று மறுப்பன. எனினும் அவற்றின் இணைவின்றி ஒலிபரப்பு இல்லை.

1944 ஏப்ரிலில் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் பேராதனைக்கு வந்தது. அதன் படையினருக்கான வானொலியின் கருவிகள் 1949 இல் இலங்கை அரசிடம் கைமாறின. பேரரசின் போர்த்தேவைக்காக வந்த கருவிகள் சிங்களம், தமிழ் ஆகிய மக்கள் மொழிகளைச் சுமக்கலாயின. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அக்குறணை முஸ்லிம்களுக்கு அதன் தமிழொலி அந்நியமானதன்று.

சுமையற்ற சுற்றை மட்டும் கற்பிப்பதும், கேட்போரை நீக்கி வானொலி வரலாற்றை எழுதுவதும் ஒரே குறைபாட்டிலிருந்து பிறப்பவை. கருவியின் பெறுமதியை அதன் சுமையிலே காண்பதே நமது பணியாகும்.