டாக்சி எண்ணும் ரப்பர் விதையும்

சிலாங்கூரின் சுங்கை சோ வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளிடம் 1729 என்று சொன்னால், யாராவது ஒருவர் ‘இராமானுஜன்’ என்று குரல் கொடுப்பார். ரிட்லி என்றால் பேச்சே இருக்காது. பால்மரத்தை, அதாவது ரப்பரை, நம்பிப் பிழைத்த ஊர்கள் இவை. அந்த மரத்துக்கு வெட்டு முறை கண்ட ரிட்லியை நாம் அறியாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

கணித மேதை இராமானுஜன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். லண்டன் புட்னியில் நோயாய்ப் படுத்திருந்தவரைப் பார்க்கப் போன கணிதப் பேராசிரியர் ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729, சுவையில்லாத எண் என்றார். இல்லை, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார் இராமானுஜன். 1-உடன் 1728, அல்லது 729-உடன் 1000. கதைக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகூடக் கூட்டிச் சரிபார்த்துவிடலாம்.

எனக்கு இன்னும் நெருக்கமானது அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் மகலனோபிஸ் சொன்ன கதை. கேம்பிரிட்ஜ் குளிரில் இராமானுஜன் ஓவர்கோட்டோடு படுத்து நடுங்கியிருக்கிறார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. இழுத்துச் சொருகி விரித்திருந்த அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் விலக்கிக் காட்டினார்.

ரிட்லிக்கும் இப்படிக் கதை உண்டு. தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்தார். 1877-இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த 22 ரப்பர் கன்றுகளின் வழிவந்த மரங்கள் அங்கே இருந்தன. தோட்ட முதலாளிகளுக்கோ காப்பி மேல்தான் கண். எதிர்ப்பட்ட துரைமார் சட்டைப்பையில் ரிட்லி ரப்பர் விதையைத் திணிப்பாராம். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டம் கிடைத்தது. 1896-இல் மலாக்காவில் தோட்டக்காரர் டான் சே யான் ரப்பரை நட்டுக் காட்டினார். காப்பி விலை சரிந்ததும் சிலாங்கூர்த் துரைமாரும் ரப்பருக்கு மாறினார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள்.

விதைக் கதை சிரிக்க வைக்கிறது, ஆனால் அதில் அவர் அறிவியல் இல்லை. அது பட்டையில் இருக்கிறது. மரத்தைக் கண்டபடி கொத்தாமல், பழைய வெட்டின் விளிம்பிலேயே மெல்லிய சீவல் எடுத்தால் மறுபடி பால் வரும், கட்டையில் கத்தி படாவிட்டால் பட்டை திரும்ப வளரும் என்று அவர் சோதித்துக் காட்டினார். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய், பால் மங்கைத் துடைத்து, ஒட்டுப்பாலை உரித்து, சரிவாக ஓர் இழை சீவிய நம் பாட்டிமார் கைக்கு இது அத்துபடி. ஆழமாக வெட்டி மரம் காயம்பட்டால் கங்காணியிடம் ஏச்சு.

இராமானுஜன் பெயரை நாம் அறிவோம். எண் பிரிவினைகளில் அவர் செய்ததை நம்மில் மிகச் சிலரே அறிவர். ரிட்லியிடம் இது தலைகீழ்: அவர் செய்தது நம் கைக்குத் தெரியும், பெயர் தெரியாது. கதை பரவ, சொல்பவர் வேண்டும். இராமானுஜனுக்கு ஹார்டி வாய்த்தார். ரிட்லியைத் தமிழில் சொல்ல ஆள் இல்லை. எண்பது வயதுக்கு மேல் கல்யாணம் செய்துகொண்டு, 1956-இல் நூறு வயதில் இறந்த மனிதரிடம் கதைக்கா பஞ்சம்?

செம்பனை வந்து பால்மரக் காடுகள் குறைந்துவிட்டன. பால் வெட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1729 பாடம் நடக்கும் வகுப்புக்கு அவர்களில் ஒருவரை அழைத்து, கத்தியைப் பிடித்துக் காட்டச் சொல்லலாம். ரிட்லி பெயரை ஆசிரியர் சொல்லட்டும்.