மிளகும் ஏலமும்

வடநாட்டில் வாழும் நேயர்கள் 'நீலாம்' என்ற சொல்லைக் கடைத்தெருவில் கேட்டிருப்பீர்கள். மராத்தியில் அது 'லிலாவ்', மலையாளத்தில் 'லேலம்', தமிழில் 'ஏலம்'. யாவும் 'லெய்லாங்' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தவை. போர்த்துகீசியரோ அதை அரபியரிடமிருந்து பெற்றனர். பலரறிய அறிவித்தல் என்பது மூலப்பொருள். தமிழ்ச் சொல்லின் முதலில் லகரம் வாராது என்பது இலக்கணமாதலின், அவ்வெழுத்து நம்மிடம் உதிர்ந்துவிட்டது. ஏலக்காய்க்கும் ஏலத்துக்கும் ஒரே பெயராயிற்று. போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்துக்கு வருகிறது என்று எழுதினால், மொழிபெயர்ப்பவன் பாடு திண்டாட்டந்தான்!

இச்சொல்லைக் கொணர்ந்தவர் கொச்சிக்கு வந்தது 1500-இல். மட்டாஞ்சேரியில் அவர்கள் 1555-ஆம் ஆண்டு வாக்கில் அரசருக்குக் கட்டித் தந்த அரண்மனை இன்றும் நிற்கிறது. பின்னர் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் 'டச்சு அரண்மனை' என்ற பெயரே நிலைத்துவிட்டது. விந்தை யாதெனில், ஏலம் என்ற சொல்லைத் தந்தவர்கள் இங்கு மிளகை ஏலத்தில் வாங்கவில்லை. 1503-இல் வாஸ்கோ ட காமா கொச்சி வணிகருடன் பேசி மிளகுக்கு விலையை வரையறுத்தார். 1663-இல் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனியும் உடன்படிக்கையால் மிளகைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டது. அதே கம்பெனி தன் சரக்கை ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டது. விளைந்த இடத்தில் கட்டிய விலை, விற்ற இடத்தில் போட்டி விலை. இடையிலிருந்த இலாபம் எவர் கைக்குப் போயிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இலண்டனில் அந்நாளில் மெழுகுவத்தி ஏலம் நடந்தது. ஓர் அங்குல வத்தியை ஏற்றுவர். சுடர் அணையுமுன் இறுதியாகக் கேட்டவருக்கே பொருள். 1662-இல் கப்பல்கள் அவ்வாறு விற்கப்பட்டபோது, ஒருவர் மட்டும் தவறாமல் உரிய கணத்தில் விலை கூறினாராம். அணையும் வேளையில் புகை கீழ்நோக்கி இறங்கும் என்பதே அவர் கண்டறிந்த இரகசியம். கடற்படை அலுவலர் சாமுவேல் பெப்பிஸ் இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

தேயிலை ஏலம் இலண்டனில் 1679-இல் தொடங்கியது. ஏலம் விளைநிலத்தை நோக்கி நகர்ந்தது மெல்லத்தான்: கல்கத்தா 1861, கொழும்பு 1883, கொச்சி 1947, குன்னூர் 1963. இலண்டன் ஏலம் 1998-இல் முடிவுற்றது.

மட்டாஞ்சேரி யூதர் தெருவில், 1957-இல் மிளகு வணிகத்துக்கென ஒரு சங்கம் அமைந்தது. அதன் கூடத்தில் நடந்தது வழக்கமான ஏலம் அன்று. சாதாரண ஏலத்தில் விற்பவர் ஒருவர், கேட்பவர் பலர். இங்கோ விற்பவரும் பலர், வாங்குபவரும் பலர். இருசாராரும் ஒரே வேளையில் கூவுவர். வாங்கப்பட்டதும் எதிரில் கிடக்கும் மூட்டையன்று, வருந்திங்களில் ஒப்படைக்க வேண்டிய மிளகு. புதியவருக்குச் சண்டை போலத் தோன்றும். தரகர்களுக்கோ ஒரு கைச்சாடை போதும், பேரம் முடிந்துவிடும். ஊகவணிகம் சூதாட்டமே என்போர் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நால்வர் அறையில் மறைவாய் முடிவு செய்யும் விலையினும், நாற்பது பேர் வெளிப்படக் கூவி எட்டும் விலை உழவனுக்கு நல்லது என்பதே என் கருத்து.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கணிப்பொறிகள் வந்தன, கூவல் அடங்கியது. பின்னர் மிளகின் முன்பேர வணிகமும் அங்கு நின்றது. கூடத்தில் ஓசை இருந்த காலத்தில், இடுக்கி மலைகளில் கொடி வளர்ப்போர் கொச்சி விலையைச் செய்தித்தாளிலும் வானொலியின் 'கம்போள நிலவாரம்' என்னும் சந்தை நிலவரத்திலும் அறிந்த பிறகே மூட்டையைக் கட்டினர்.