பெயர் அழிந்த படங்கள்

பழைய புகைப்படம் ஒன்றைக் காப்பது என்றால் அதன் தாளை மட்டும் காப்பது என்று பொருளாகுமா? மக்கா மாநகரின் முற்காலப் படங்களின் வரலாறு இதற்குத் தக்க விடை தருகின்றது.

எகிப்தியப் படை அதிகாரி முஹம்மது சாதிக் பே, 1861-ஆம் ஆண்டில் மதீனாவையும், 1880-இல் ஹஜ்ஜுக் குழுவுடன் சென்றபோது மக்காவையும் படமெடுத்தார். அவருக்குப் பின் மக்காவைப் படமெடுத்தவர் அந்நகர மருத்துவர் சையிது அப்துல் கஃப்பார்.

1885-இல் மக்காவில் தங்கி ஆய்ந்த ஆலந்து அறிஞர் ஸ்நூக் ஹுர்க்ரோன்யே, அவ்வாண்டே நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். மருத்துவரோ தொடர்ந்து படமெடுத்து அவருக்கு அனுப்பிவந்தார். அப்படங்கள் 1889-இல் நூலாக வெளிவந்தன. அதில் மருத்துவரின் பெயர் இடம்பெறவில்லை. படங்களில் அவர் அரபியில் பொறித்திருந்த பெயரும் நீக்கப்பட்டிருந்தது! உழைத்தவர் மறைந்தார், வெளியிட்டவர் புகழ் பெற்றார்.

எனினும் ஸ்நூக்கின் சேகரம் லைடன் பல்கலைக்கழக நூலகத்தை அடைந்தது. மூலப் படங்களும் மருத்துவரின் கடிதங்களும் ஓரிடத்தில் இருந்தமையால், பிற்கால ஆய்வாளர் அவற்றை ஒப்புநோக்கி, அழிக்கப்பட்ட பெயரை மீட்டெடுத்தனர். அவை தனித்தனியாக விற்கப்பட்டு, பல செல்வர்களின் பேழைகளுக்குள் சிதறியிருந்தால் இது கைகூடியிருக்குமா?

தனியார் சேகரிப்போரைப் பழிப்பது நம் கருத்தன்று. அவர்கள் பொருள் செலவிட்டுத் தேடியிராவிடில், எத்தனையோ படங்கள் கரையானுக்கு இரையாகியிருக்கும். ஆனால், அழகிய படத்தை மட்டும் ஆல்பத்திலிருந்து பிரித்தெடுத்து, குறிப்பையும் கடிதத்தையும் கைவிடுவது, காப்பதுபோல் அழிப்பதேயாகும்.

இழப்பின் அளவை ஒன்று கூறுவோம். கஃபாவுக்கு அருகே குன்றின்மேல் நின்ற உதுமானியர் காலத்து அஜ்யாது கோட்டை 2002-இல் இடித்துத் தள்ளப்பட்டது. இன்று அதனைக் காண்பதற்குப் பழைய படங்களே துணை.

நம் இல்லங்களுக்கு வருவோம். கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்ற பாட்டனார், இரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்திய பெரியப்பா, மதரசா மாணவர் குழு எனப் பல படங்கள் நம் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றிலுள்ளோரை அடையாளம் காட்டவல்ல முதியோர் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். அவர்கள் வாழும்போதே பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதிவைப்போம். மூலப் படம் குடும்பத்திலேயே இருக்கட்டும். அதன் நல்ல படி ஒன்றைக் குறிப்புகளுடன் பொது நூலகத்திற்கோ ஆய்வு நிறுவனத்திற்கோ அளிப்போம்.

முன்னோரின் படங்கள் நமக்கு உடைமை மட்டுமல்ல, அமானிதமும் ஆகும். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பது நம் கடமை. உரியவரோ இனிமேல்தான் பிறக்கப்போகின்றனர்.