மிக்ஸி வந்தது, கைகள் போயின

தீபாவளி நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் தவறாமல் வருகிறது. உரல், உலக்கை, அம்மி, முறம். கீழே, "அந்தக் காலத்துப் பெண்கள் இதையெல்லாம் சளைக்காமல் செய்தார்கள், இந்தக் காலத்தில் பொத்தானை அழுத்தவே அலுத்துக்கொள்கிறார்கள்" என்று ஒரு வாசகம். எனக்கு அனுப்பியவர்கள் எல்லாரும் ஆண்கள். அதனால் எங்கள் புதுச்சேரிச் சமையலறையின் அறுபது, எழுபது வருட வரலாற்றைக் கொஞ்சம் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. உரலிலும் இடித்து, கிரைண்டரிலும் அரைத்து, நடுவில் அரசு அலுவலகத்தில் கோப்பும் பார்த்தவள் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்திய அரசிடம் வந்தது. அந்தக் காலத்துத் தமிழர் தெரு வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்னால் திண்ணை, உள்ளே தாழ்வாரம், முற்றம், கடைசியில் சமையல்கட்டு. கொல்லைப் பக்கம் உரல், அதன் பக்கத்தில் விறகுக் குவியல். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே அந்தக் கொல்லை திருவிழாக் கூட்டமாகிவிடும்.

அதிரசத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்த வேண்டும். முழுதும் காய்ந்துவிடக் கூடாது, கையில் ஈரம் தெரியும்போதே இடிக்க வேண்டும். இடித்ததைச் சலித்து, கப்பியை மறுபடி இடிக்க வேண்டும். வெல்லப்பாகு காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் இறக்கி, மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். பிறகு அந்த மாவு இரண்டு மூன்று நாள் பானையில் இருக்க வேண்டும். பதம் தப்பினால் எண்ணெயில் போட்டவுடன் கரைந்து போகும். கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் அதிரசம் 21 என்பது கணக்கு. வெற்றிலையும் 21, பாக்கும் 21. இது படையலுக்கு மட்டும். வீட்டுக்கும் தெருவுக்கும் தனி.

அதற்கு மேல் முறுக்கு, சோமாசு, சுழியம். விடியற்காலையில் இட்லி, அதற்குக் கறிக்குழம்பு. கூடவே எல்லாருக்கும் எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர்.

இதையெல்லாம் செய்தது யார் என்பதுதான் கேள்வி. அந்தப் படத்தில் உரல் இருக்கிறது, சுற்றி நின்றவர்களைக் காணோம். எங்கள் வீட்டில் பாகு பதம் பார்ப்பது பாட்டியின் வேலை, வேறு யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. மாவு இடிக்கக் கூலிக்கு ஓர் அம்மாள் வருவார். எதிர் உலக்கை பிடிப்பது சித்தி. விறகு பிளப்பது சித்தப்பா. தேங்காய் துருவுவது நாங்கள், பெண் பிள்ளைகள். பொட்டுக்கடலையையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு மாவு மில்லில் வரிசையில் நிற்பது பையன்கள். பலகாரத் தட்டைத் துணி போட்டு மூடி வீடு வீடாகக் கொடுத்துவருவதும் அவர்களே. எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்காருவது அம்மா. ஒரு பண்டிகைக்கு எட்டு ஒன்பது பேர் உழைத்தார்கள்.

கிறிஸ்துவ நண்பர்கள் வீட்டிலும் இதே கதைதான். கிறிஸ்துமஸுக்கு ரவை, வெண்ணெய், முட்டை, ரம்மில் ஊறிய உலர்பழம் எல்லாம் சேர்த்துக் கேக் மாவு அடிப்பார்கள். வீட்டில் அவன் கிடையாது. தட்டில் ஊற்றி ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொண்டுபோய் வேகவைத்து எடுத்துவருவார்கள். மாவை அடிக்கக் குடும்பமே முறை வைத்துக்கொள்ளும். அடித்த கை ஒன்றில்லை, பத்து.

அதற்காக அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. உலக்கை பிடித்த கையில் கொப்புளம் வரும். வீட்டுப் பெண்கள் கடைசியில், ஆறிப்போனதைச் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் இடித்துக் கொடுத்த அம்மாள் இருட்டிய பிறகு தன் வீட்டுக்குப் போய், தன் பிள்ளைகளுக்கு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் வீட்டுத் தீபாவளியை யார் இடித்தார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. முதலில் அடுப்பு. சவுக்கு விறகு போய் மரத்தூள் அடுப்பு, அதன் பிறகு ரேஷன் மண்ணெண்ணெயில் எரியும் திரி ஸ்டவ். இண்டேன் சமையல் எரிவாயு 1965-ல் வந்தது. ஆனால் பதிவு செய்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எம்.பி. கோட்டாவில் சிலிண்டர் வாங்கித் தருவது பெரிய சிபாரிசாக இருந்த காலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

குக்கரின் கதை எனக்குப் பிடித்தமானது. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பாடத்திலேயே தெனி பாப்பேன் வருவார். அழுத்தம் தாங்கும் மூடிய பாத்திரத்தில் எலும்பைக்கூட மிருதுவாக வேகவைக்கலாம் என்று 1679-ல் காட்டிய பிரெஞ்சுக்காரர். அந்த யோசனை சமையலறைக்குள் வந்து சேர ஏறத்தாழ முந்நூறு வருடம் ஆயிற்று. பிரான்சில் 'செப்' கம்பெனியின் குக்கர் 1953-ல் வந்தது. இந்தியாவில் பிரெஸ்டிஜ், ஹாக்கின்ஸ் இரண்டும் 1959. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்களில் சிலர் விடுமுறைக்கு வரும்போது ஒரு குக்கரைத் தூக்கிவந்து, தெருவே கூடி அதை வேடிக்கை பார்க்கும்.

மாவரைக்கும் கிரைண்டரை 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கினார். முதலில் அது ஓட்டல்களுக்கானது, வீடுகளுக்குப் பிறகுதான் வந்தது. இட்லி மாவுக்கு ஒன்றரை மணி நேரம் உரல் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மிக்ஸி 1960-களில் வந்தது. வெளிநாட்டு மிக்ஸிகள் பழச்சாறுக்கும் மாவு கலக்கவும் செய்யப்பட்டவை. நம் மஞ்சளையும் மிளகாயையும் பார்த்தால் மோட்டார் புகைந்துவிடும். நம் அரைப்புக்குத் தாங்குகிற மோட்டாரோடு சுமீத் போன்ற மிக்ஸிகள் வந்த பிறகுதான் அம்மிக்கு ஓய்வு கிடைத்தது. 2011-ல் பக்கத்துத் தமிழ்நாட்டில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை அரசே விலையில்லாமல் கொடுக்கும் அளவுக்கு அவை அத்தியாவசியமாகிவிட்டன.

எங்கள் பள்ளிக் காலத்துப் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் மூலினெக்ஸ் கம்பெனி விளம்பரம் வரும். மூலினெக்ஸ் பெண்ணை விடுவிக்கிறது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதே பிரான்சில், கணவன் ஆட்சேபித்தாலும் மனைவி வேலைக்குப் போகலாம், தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கலாம் என்று சட்டம் வந்தது 1965 ஜூலை 13-ல். விடுவித்தது மூலினெக்ஸா, சட்டமா என்று இன்று யோசிக்கிறேன்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் இதைப் பற்றி 1983-ல் ஒரு புத்தகமே எழுதினார். புதுச் சாதனங்கள் வந்தபோது குறைந்தது ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலை, தாயின் வேலை அவ்வளவாகக் குறையவில்லை என்பது அவர் கண்டது. அமெரிக்க வீடுகளைப் பற்றி எழுதியதுதான், ஆனால் எங்கள் கொல்லையைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. எரிவாயு வந்ததும் விறகு பிளந்த சித்தப்பாவுக்கு வேலை போயிற்று. மிக்ஸி வந்ததும் மில்லுக்குப் போன பையனுக்கு வேலை போயிற்று. கிரைண்டர் வந்ததும் கூலிக்கு இடித்த அம்மாள் வருவது நின்றது. தனிக்குடித்தனம் வந்ததும் பாகு பார்த்த பாட்டியும் சித்தியும் வேறு வேறு வீட்டில். இத்தனை பேர் செய்ததும் ஒரே ஒருத்தியின் விரல் நுனிக்கு வந்து சேர்ந்தது. பலகாரத்தின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்தது. மிக்ஸிதான் இருக்கிறதே என்று இரண்டு கூடியதும் உண்டு.

அந்த ஒருத்தி அலுவலகத்துக்கும் போக ஆரம்பித்தது இதே காலத்தில்தான். நான் 1970-களில் எழுத்தராகச் சேர்ந்தேன். பல வருடம் நிர்வாகப் பிரிவில் விடுப்புப் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. அந்தப் பதிவேட்டைப் புரட்டினாலே ஒரு குடும்பத்தின் வரலாறு தெரியும். அப்போது தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 12 நாள், பிறகு அது 8 ஆனது. பெண் ஊழியர்களின் கணக்கில் பிள்ளைக்கு அம்மை, மாமியாருக்குக் காய்ச்சல், பள்ளியில் கூப்பிட்டார்கள் என்று ஆகஸ்டுக்குள் பாதி போயிருக்கும். ஆடி, ஆவணியில் கொஞ்சம் போகும். தீபாவளிக்கு முதல்நாள் எடுக்க ஒன்று மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். ஆண்கள் பலருக்கு டிசம்பர் கடைசி வாரம் வரை மீதி இருக்கும், வீணாகப் போய்விடுமே என்று வரிசையாக எழுதிக் கொடுப்பார்கள்.

மகப்பேறு விடுப்பு அன்று 90 நாள். 1997-ல் 135 நாளானது, 2008-ல் 180. குழந்தை வளர்ப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் கிடைத்ததும் 2008-ல்தான். என் பிள்ளைகள் இருவரும் 90 நாள் காலத்துப் பிள்ளைகள். தகப்பனுக்கும் 15 நாள் விடுப்பு உண்டு என்ற விதி 1997-ல் வந்தபோது, எங்கள் பிரிவில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள்தான் அதிகம்.

தீபாவளி வாரத்தில் என் நாள் இப்படிப் போகும். காலை நாலரைக்கு எழுந்து சமையல், நான்கு டிபன் பாக்ஸ், பிள்ளைகளுக்குத் தலை வாரல். அலுவலகம். மாலையில் திரும்பும் வழியில் பெரிய மார்க்கெட்டில் வெல்லமும் தேங்காயும். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, ஒன்பது மணிக்கு முறுக்கு அச்சு கையில். ஒரு நாள் முறுக்கு, ஒரு நாள் சோமாசு, ஒரு நாள் அதிரசப் பாகு. பன்னிரண்டு மணிக்கு எண்ணெய் வாசனையோடு படுக்கை. மறுநாள் அலுவலகத்தில் பெண்கள் எல்லாருடைய கண்ணும் சிவந்திருக்கும், யாரும் காரணம் கேட்க மாட்டோம். அம்மி இல்லை, உரல் இல்லை, விறகு இல்லை. ஆனால் எதிர் உலக்கைக்கும் ஆள் இல்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசு 2019-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. வீட்டுக்காகச் சம்பளமில்லாமல் செய்யும் வேலையில் பெண்களில் 81.2 சதவீதம் பேர் ஈடுபட்டிருந்தார்கள். ஆண்களில் 26.1 சதவீதம். அப்படி ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். எல்லா மிக்ஸியும் எல்லா குக்கரும் வந்த பிறகும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். எண்ணெய் எத்தனை லிட்டர், யாருக்குச் சர்க்கரை வியாதி, எந்த வீட்டுக்குத் தட்டு போகவில்லை, தையல்காரரிடம் சட்டை வாங்கியாயிற்றா என்று நினைவில் வைத்துக்கொண்டே இருப்பது இந்த நிமிடக் கணக்கில் வராது. அதை நினைவில் வைக்க இதுவரை ஒரு மெஷினும் வரவில்லை.

ஆண்களுக்குச் சமையல் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்யாணச் சமையல் யார் கையில்? கோயில் மடைப்பள்ளி? ஓட்டலில் ஆயிரம் இட்லி வார்ப்பது? கூலி உண்டென்றால் அவர்களுக்கு நன்றாகவே வருகிறது.

இப்போது பல வீடுகளில் அதிரசத்தை வெளியில் சொல்லி வாங்குகிறார்கள். அதைக் குறையாகப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. அந்தக் காலத்திலும் வெளிக்கை இல்லாமல் நம் பண்டிகை நடந்ததில்லை, அந்தக் கைக்கு நாம் கொடுத்த கூலிதான் குறைவு. இன்று பக்கத்துத் தெருவில் ஒரு பெண் தன் வீட்டிலேயே சுட்டு, தானே விலை வைத்து விற்கிறாள். வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

வீட்டில் செய்வதானால், அலுவலகத்தில் நாங்கள் செய்ததைச் செய்யலாம். எந்தப் பிரிவிலும் பணிப் பங்கீட்டுப் பட்டியல் ஒன்று இருக்கும், வேலைக்கு எதிரே பெயர் இருக்கும். பெயர் இல்லாத வேலை கடைசியில் யாராவது ஒருவர் தலையில்தான் விழும் என்பது எந்த எழுத்தருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டில் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே இப்படி ஒரு தாள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்படுகிறது. போன வருடத் தாளில் அதிரசம் தட்டுவது மருமகள், எண்ணெய்ச் சட்டி என் மகன், தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது பேரன், பாகு பதம் மட்டும் நான். மகன் சுட்டதில் சில ஓரம் கருகிவிட்டன. நல்லதாக 21 எடுத்துப் படைத்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டோம். இரவு பத்து மணிக்கெல்லாம் எல்லாரும் படுத்துவிட்டோம்.