குதிரையின் பளபளப்பும் பாஷாணமும்

குதிரைக்குத் திட்டுத் திட்டாக முடி கொட்டினால், தோலைச் சுரண்டிப் பார்த்துச் சொறிப்பூச்சியா, படையா என்று தெரிந்துகொண்ட பிறகே மருந்து. கால்நடைத் துறையில் வேலை பார்த்த எனக்கு இது பாலபாடம். நூறு வருஷத்துக்கு முந்தைய லாயங்களில் அந்தப் பொறுமை கிடையாது. தோல் கெட்டாலும் சரி, மேனி மங்கினாலும் சரி, தீனி எடுக்காவிட்டாலும் சரி, பலரும் தேடிய புட்டி ஒன்றுதான்: ஃபௌலர் திராவகம்.

1786-இல் தாமஸ் ஃபௌலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் அறிமுகப்படுத்திய மருந்து அது. பாஷாணம், அதாவது ஆர்சனிக் கலந்த கரைசல். மனிதர்களும் காய்ச்சலுக்கும் தோல் வியாதிக்கும் அதைக் குடித்தார்கள். வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்துப்போயின. சிலருக்குத் தோலில் புற்றுநோயும் வந்தது. குதிரைக்கோ, ரோமம் பளபளக்கும், பசி எடுக்கும் என்று 'டானிக்' ஆகக் கொடுத்தார்கள்.

ஃபார் லாப் என்ற பந்தயக் குதிரையை நம் வயதுக்காரர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். நியூசிலாந்தில் பிறந்தது. வெறும் 160 கினிக்கு வாங்கிய குதிரை, ஓடிய 51 பந்தயங்களில் 37-இல் ஜெயித்தது. 1930-இல் மெல்போர்ன் கோப்பையும் அதற்கே. 1932 மார்ச் 20 அன்று மெக்சிகோவில் பெரிய பந்தயம் ஒன்றை வென்றது. பதினாறே நாளில், ஏப்ரல் 5 அன்று, கலிஃபோர்னியாவில் வயிற்று வலியில் துடித்துச் செத்தது. சூதாட்டக் கும்பல் விஷம் வைத்தது என்றார்கள். பூச்சிமருந்து பட்ட புல்லைத் தின்றது என்றார்கள். குடல் நோய் என்றும் சொன்னார்கள்.

உடலைப் பாடம் செய்து மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் பிடரி மயிர் சிலவற்றை எடுத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். தோலைப் பதப்படுத்தவும் பாஷாணம் பயன்பட்டது. ஆனால் வெளியே பூசியது வேறு, ரத்தத்தின் வழியே மயிருக்குள் ஏறியது வேறு என்று பிரித்துக் காட்ட முடிந்தது. சாவதற்கு ஏறக்குறைய 35 மணி நேரம் முன்பு பெரிய அளவில் பாஷாணம் உள்ளே போயிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. 2008-இல் அந்த அருங்காட்சியகம் வாங்கிய, பயிற்சியாளரின் பழைய நோட்டுப் புத்தகத்தில் டானிக் தயாரிக்கும் முறைகள் இருந்தன. அவற்றில் பாஷாணமும் எட்டிக்கொட்டைச் சத்தான ஸ்ட்ரிக்னினும் உண்டு.

கொடுத்த கை பகைவனுடையதா, பாசத்தோடு வளர்த்தவனுடையதா என்பதை மயிர் சொல்லாது. பகைவன் இல்லாமலே இப்படி நடந்திருக்க முடியும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இதுவோ முதலிலேயே நஞ்சு.

முடி வளர, மூட்டுவலி போக என்று லேபிள் இல்லாத புட்டிகள் நம் வீட்டு அலமாரியிலும் இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள்.