லயக் காம்பராவும் சராசரி எண்ணும்: இலங்கைத் தாய்நலக் கதையின் மறுபக்கம்

இலங்கையின் தாய்நலச் சாதனை உலகம் பூராவும் பாடமாக ஒப்பிக்கப்படுகிற ஒரு கதையாடல். ஏழை நாடு, ஆனாலும் பிள்ளைப்பேற்றில் பெண்கள் சாவதைத் தடுத்துக் காட்டியது. 1930களில் லட்சம் பிரசவத்துக்கு 2000க்கும் மேலான தாய்மார் செத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 500 ஆயிற்று. இன்று 40க்கும் கீழே. 2003இல் உலக வங்கி இலங்கையையும் மலேசியாவையும் வைத்து ஒரு புத்தகமே போட்டது. எண்களில் பொய்யில்லை. ஆனால் சராசரி என்கிற இந்தச் சொல் யாரை முன்னே நிறுத்துகிறது, யாரை நிழலுக்குள் தள்ளுகிறது என்று யாரும் கேட்பதில்லை. மலையகத் தோட்டத்து லயத்திலிருந்து இந்தக் கதையைத் திருப்பி வாசித்துப் பார்க்கலாம்.

கூலித் தமிழர் உடல்நலம் பற்றிய காலனியச் சட்டத்துக்கு 'மருத்துவத் தேவைகள்' என்று பேர். 1872இல் வந்தது, 1912இல் திருத்தி எழுதப்பட்டது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும், டாக்டர் சரியென்று சொன்னாலொழிய அந்த மாதம் வேலைக்கு இறக்கக் கூடாது என்கிறது அது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதன் இலக்கணத்தைப் பாருங்கள். வாக்கியத்தின் எழுவாய் தொரை, அவருக்குத்தான் கடமை. பெண் செயப்படுபொருள். அவள் போய்க் கேட்கக்கூடிய உரிமையாக எதுவும் எழுதப்படவில்லை. லயத்தைச் சுத்தமாக வைத்திருப்பதும், யாருக்கு நோய் என்று விசாரித்து வைத்திருப்பதும் அதே தொரையின் பொறுப்புப் பட்டியலில்தான். செக்ரோலில் பேர் இருக்கிற உடம்பு பழுதாகாமல் இருக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைக்குள் வந்த வழியும் இதையே காட்டுகிறது. 1916 வாக்கில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்கும். கர்ப்பிணிக்கு அது பிரசவத்தில் உயிர்ப் பிரச்சினை. ஆனால் ஒழிப்புக்குச் சொல்லப்பட்ட நியாயம் உழைப்புத் திறன். மருந்தைக் கொடுத்தார்கள், புழு விழுந்தது. கக்கூஸ் கட்ட வேண்டுமே? அங்கேதான் தோட்டக்காரர்கள் கையை இறுக்கிக்கொண்டார்கள். வெறுங்காலோடு கொழுந்து பறிக்கிற பெண்ணின் பாதம் வழியாகப் புழு திரும்பி ஏறியது.

பத்து வருஷம் கழித்து, 1926இல், அதே அறக்கட்டளையின் துணையோடு களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு அமைகிறது. இது வேறு மாதிரி. ஒரு குறிப்பிட்ட பகுதி, அதற்கென்று பயிற்சி பெற்ற மருத்துவச்சி. அவள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிகிறாள், பிரசவம் பார்க்கிறாள், சிக்கல் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாள், பிறகு பிள்ளையையும் போய்ப் பார்க்கிறாள். உலக வங்கி பிற்பாடு மெச்சிய சாதனையின் முதுகெலும்பு இவள்தான். (மலேரியாவை அடக்கிய டி.டி.டி.க்கும் பென்சிலினுக்கும் இதில் பங்குண்டு. எல்லாப் புகழையும் ஒரே இடத்தில் குவிக்க வேண்டியதில்லை.)

ஏன் அவள் கிராமத்துக்கு மேலும் மேலும் வந்தாள்? 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. 1934-35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தபோது இடதுசாரிகள் மருந்தும் பருப்பும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். என்.எம்.பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்றே பேராயிற்று. 1936 தேர்தலில் லங்கா சமசமாஜக் கட்சி இரண்டு இடம் பிடித்தது. அதற்குப் பிறகு கிராமத்தானின் காய்ச்சலையும் கிராமத்தாளின் பிரசவத்தையும் எந்த அரசியல்வாதியும் ஒதுக்கிவிட முடியவில்லை.

தோட்டத்து எல்லையில் இந்த வரலாறு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அங்கே மருத்துவச்சி இருந்தால் அவள் தொரையின் சம்பளக்காரி. 1939இன் மகப்பேற்று நலச் சட்டமும் தோட்டத்துக்குத் தனிவழி போட்டது: பிரசவ வார்டும் மருத்துவச்சியும் கொடுத்தால் பணத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தோட்டத்திலும் குழந்தைச் சாவு குறையத்தான் செய்தது. 'தோட்டம் எப்பவுமே பின்தங்கியது' என்கிற பேச்சு வரலாறு ஆகாது. இடைவெளி விரிந்தது பிற்பாடு.

1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் குடியுரிமை போயிற்று. 1949இல் வாக்கு போயிற்று. அந்தக் குடியுரிமைச் சட்டத்தைப் பெண்களின் பக்கமிருந்து படித்தவர்கள் குறைவு. வம்சாவழிக் குடிமகனாக வேண்டுமானால் அப்பன் இலங்கையில் பிறந்தவனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும். லயத்தில் பிறந்து லயத்திலேயே பெற்ற தாயின் பிறப்பு எந்தக் கணக்கிலும் வராது. மருத்துவச்சி தொப்புள்கொடி அறுத்த பிள்ளை நாடற்ற பிள்ளை.

வாக்கில்லாதவளைத் தேடி யார் வருவார்? நாடு முழுக்க இலவச மருத்துவம் விரிந்த ஆண்டுகளில் தோட்டத்து மருத்துவம் நிர்வாகத்தின் தலையிலேயே விடப்பட்டது. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் இது அம்பலமாயிற்று. ரேஷன் வெட்டு விழுந்தபோது கிராமத்தானுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை. 1974இல் தோட்டங்களில் ஆயிரம் பிறப்புக்கு 100க்கும் மேலான பச்சைப் பிள்ளைகள் ஒரு வயதுக்குள் செத்தார்கள். நாட்டுச் சராசரி அப்போது 50ஐ ஒட்டி.

தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சுகாதாரத் துறை எடுத்துக்கொள்ளும் வேலை 1990களில் தொடங்கி இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. மருத்துவச்சி வந்தாலும் அவளுக்குத் தமிழ் வருமா என்பது இன்னொரு கதை. ஒன்று மட்டும் தாமதமில்லாமல் வந்தது, கருத்தடை அறுவை. 1980இல் அரசு அதற்குப் பண ஊக்கம் கொடுக்கத் தொடங்கியது. தோட்டத்துப் பெண்களிடையே அதன் விகிதம் நாட்டின் மற்ற பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்தது. தானே விரும்பிச் செய்துகொண்டவர்களும் உண்டு. ஆனால் நாள் சம்பளம் அரைவயிற்றுக்கே போதாத இடத்தில் விருப்பம் என்ற சொல்லை எங்கே வைத்துப் பேசுவது?

சட்டமும் எண்ணிக் கொண்டேதான் இருந்தது. முதல் இரண்டு பிள்ளைக்கு 84 நாள் விடுப்பு, மூன்றாவதிலிருந்து 42. மூன்றாம் பேறு என்றால் பெண்ணின் காயம் பாதி நாளில் ஆறிவிடும் போலிருக்கிறது. அந்தப் பிரிவை எடுக்க 2018 வரை ஆயிற்று. அதுவரைக்கும் 42 நாள் முடிந்ததும் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, மார் கட்டக் கட்ட, அவள் மலையேறினாள்.